ஹெர்ப்பீஸ் என்னும் கொப்புள நோயும் அதன் மருந்தும்

நம் நாட்டுச் சிற்றூர்களிலே, ஒருவர் உடம்பிற் சிறுசிறு கொப்புளங்கள் கொத்தாகத் தோன்றி எரிச்சலும் நோவுந் தருமாயின், அதனை ‘அக்கி’ என்று கூறிக் குயவர் வீட்டுக்கு அழைத்துச் செல்வது நெடுங்கால வழக்கம். குயவர் காவிமண்ணைக் குழைத்துக் கொப்புளங்களின்மேலும் அவற்றைச் சுற்றியும் எழுதுவார். அதற்கு ‘அக்கி எழுதுதல்’ என்று பெயர். சில நாளிற் கொப்புளங்கள் வாடி உதிரும். எழுதியவர் கை ராசியுள்ள கை என்று ஊரார் போற்றுவர். நாமும் இளமையில் உதட்டோரத்திற் கொப்புளங் கண்டபோது, பாட்டியார் கையைப் பற்றிக்கொண்டு சென்று குயவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்ததுண்டு.

அக்கி என்னும் இவ்வொரு பெயரின்கீழ் உலக வழக்கில் இருவேறு நோய்கள் அடங்குகின்றன. ஒன்று, விலாவிலோ முதுகிலோ ஒருபக்கமாகப் பட்டைபோற் படர்ந்து கடுநோவு தருவது. சின்னம்மையை உண்டாக்கிய வைரஸே பல்லாண்டு கழித்து மீண்டெழுந்து அதனை விளைக்கின்றது. மற்றொன்று, உதட்டோரத்திலும் வாயிலும் கண்ணிலும் மறைவிடத்திலும் சிறு கொப்புளங்களாகத் தோன்றி, ஆறி, ஆறிய இடத்தருகே மீண்டும் மீண்டும் முளைப்பது. இதனை மேனாட்டு மருத்துவர் ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் என்பர். ஹெர்ப்பீஸ் என்னுஞ் சொல், ஊர்தல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையடியாகப் பிறந்தது. இப்பின்னைய நோயும் அதற்குரிய மருந்துமே இக்கட்டுரையின் பொருளாகும்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தே, மருத்துவன் நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் என்னும் மூன்றனையும் ஆராய்ந்து செய்யவேண்டும் என்னுங் கருத்து அமைந்துள்ளது. தமிழ் பயிலும் நமக்கு நெடுநாட் பழகிய இக்கருத்து, இந்நோய்க்கு மிகவும் பொருந்துவதாகும். என்னை? இந்நோயை அடக்கும் மருந்து உண்டு. அடியோடு அகற்றும் மருந்து இன்றுகாறும் இல்லை. அடக்கும் மருந்தும் உரிய காலத்தே கொடுத்தாலன்றி முழுப்பயன் தருவதில்லை. ஆதலின், காலமறிதல் இங்கே மருந்தின் பாதியாகின்றது. அக்காலத்தை வீணாக்குவன இரண்டு. ஒன்று அறியாமை, மற்றொன்று நாணம். அவ்விரண்டனையும் ஓரளவேனும் குறைத்தல் நம் நோக்கம். இலக்கிய மாணவராகிய நாம் மருத்துவப் பொருளை எழுதத் துணிந்ததன் காரணம் கட்டுரையினிடையே விளங்கும்.

நோயின் இயல்பு

இந்நோயை விளைக்கும் வைரஸ் இருவகைப்படும். முதல் வகை பெரும்பாலும் இளமையிலேயே, பெரியோர் குழந்தையை முத்தமிடுதல் முதலியவற்றால் வாய்வழிப் பற்றுவது. இரண்டாம் வகை பெரும்பாலும் ஆண் பெண் கூட்டுறவால் மறைவிடத்தைப் பற்றுவது. ஆயினும் முதல் வகையும் மறைவிடத்தைப் பற்றுதல் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்குக் கணித்த கணக்கின்படி, ஐம்பது வயதுக்குட்பட்ட மக்களுள் ஏறத்தாழ 380 கோடிப் பேர், அஃதாவது 100க்கு 64 பேர், முதல் வகையைத் தம் உடலிற் கொண்டுள்ளனர். 15 முதல் 49 வயதுவரையுள்ளாருள் ஏறத்தாழ 52 கோடிப் பேர் இரண்டாம் வகையைக் கொண்டுள்ளனர். இவருட் பெரும்பாலார் தமக்கு அது உண்டென்பதையே அறியார். இத்துணைப் பேருக்குள்ள ஒன்றை ஒரு சிலர்க்கே உரிய இழிவாகக் கருதுவது எவ்வளவு பேதைமை என்பதை நேயர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

வைரஸ் தோலிலோ வாயின் மென்சவ்விலோ புகுந்து பெருகுங்கால் கொப்புளம் எழுகின்றது. அதனோடு நில்லாது, அவ்விடத்து உணர்ச்சி நரம்பின் நுனியிற் புகுந்து, நரம்பின் வழியே பின்னோக்கிச் சென்று, அந்நரம்பின் முடிச்சில் தங்கிவிடுகின்றது. முகத்திற் புகுந்தது மண்டையோட்டின் அடியிலுள்ள முடிச்சிலும், மறைவிடத்திற் புகுந்தது முதுகந்தண்டின் கீழ்ப்பகுதியை அடுத்த முடிச்சிலும் உறையும். அங்கே அது பெருகுவதுமில்லை, நோவு தருவதுமில்லை. கோடையில் ஏரிச்சேற்றில் அடங்கிக் கிடக்கும் ஆமைபோற் கிடக்கின்றது. காய்ச்சல், கடுவெயில், உடற்சோர்வு, மனக்கவலை முதலியன நேர்ந்தவிடத்து விழித்தெழுந்து, வந்த வழியே திரும்பித் தோலை அடைந்து, மீண்டுங் கொப்புளமாகின்றது. உறங்குங்கால் எம்மருந்தும் அதனைத் தீண்டுவதில்லை. விழித்துப் பெருகுங்கால் மாத்திரமே மருந்து அதனைத் தாக்கவல்லது. இந்நோய்க்குரிய சிகிச்சை முறைகள் அனைத்தும் இவ்வோருண்மையின்மேல் நிற்பன என்று அறிதல் வேண்டும்.

மருந்தின் மெய்ம்மை காணும் வழி

உதட்டுக் கொப்புளம், மருந்து ஒன்றும் இடாவிடினும், ஏழு முதல் பத்து நாளில் தானே ஆறிவிடும். எனவே, மூன்றாம் நாள் காவி எழுதினாலும், சுண்ணாம்பு தடவினாலும், ஒன்றுமே செய்யாதிருந்தாலும், பத்தாம் நாள் நோயாளி நலமுற்றே இருப்பார். கடைசியாகச் செய்தது எதுவோ அதுவே நோயைத் தீர்த்தது என்று மனம் எளிதில் நம்பிவிடுகின்றது. இம்மயக்கம் நம் சிற்றூரார்க்கே உரியது என்று எண்ணற்க. மேனாட்டிலுங் கற்றறிந்த மருத்துவர் பலர் இதில் வீழ்ந்ததுண்டு. பெரியம்மைக்குரிய தடுப்பூசியைத் திரும்பத் திரும்பக் குத்தினால் இக்கொப்புளம் மீளாது என்று அங்குப் பலர் நம்பினர். 1959இல் வெளிவந்த ஓர் ஒப்பாய்வு அதனாற் பயனில்லை என்று காட்டியது. பின்னர், கொப்புளத்தின்மேற் செஞ்சாயம் ஒன்றைத் தடவி ஒளி பாய்ச்சும் முறை பரவிற்று. 1975இல் வெளிவந்த மற்றோர் ஒப்பாய்வு அதனையும் பயனற்றதென விலக்கியது.

ஒப்பாய்வு என்பதன் முறை எளியது. நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூறினர்க்கு மருந்தும், மற்றொரு கூறினர்க்கு மருந்துபோல் தோன்றும் வெறும்பொருளும் கொடுப்பர். எவர்க்கு எது கொடுக்கப்பட்டதென்பதை நோயாளரும் அறியார். கொடுத்த மருத்துவரும் அறியார். இறுதியிற் கணக்கெடுத்தபின்னரே மறை திறக்கப்படும். தானே ஆறும் நோய்க்கு மருந்தின் மெய்ம்மையைக் காண இதனினும் நேரிய வழியில்லை. இனி நாம் கூறும் மருந்துகள் இச்சோதனையில் தேறியவை.

மருந்து பிறந்த வரலாறு

வைரஸ் தனக்கென உயிர்த்தொழில் உடையதன்று. நம் உயிரணுவினுட் புகுந்து, அவ்வணுவின் கருவிகளைக் கொண்டே தன்னைப் படியெடுத்துப் பெருக்கிக்கொள்வது. ஆதலின், வைரஸை அழிக்கும் நஞ்சு நம் அணுவையும் அழிக்குமே என்னும் அச்சம் அறிஞரை நெடுங்காலந் தடுத்து நின்றது. 1959இல் யேல் பல்கலைக்கழகத்து வில்லியம் புருசாஃப் என்பார் ஐடாக்ஸுரிடின் என்னும் பொருளை ஆக்கினார். 1962இல் ஹெர்பர்ட் காஃப்மன் என்னும் கண் மருத்துவர் அதனை ஹெர்ப்பீஸால் விளைந்த கண்புண்ணுக்குப் பயன்படுத்தி நலங் கண்டார். அடுத்த ஆண்டு அமெரிக்க அரசாங்கம் அதற்கு இசைவளித்தது. அந்நாட்டில் வைரஸுக்கென இசைவுபெற்ற முதன்மருந்து அதுவே. ஆயினும் அது பகையையும் உறவையும் ஒருங்கே வெட்டும் வாள். கண்ணில் இடலாமேயன்றி உட்கொள்ளத் தகாதது. அதன்பின் வந்த விடராபின் என்பது, மூளையைத் தாக்கும் ஹெர்ப்பீஸால் இறப்போர் தொகையைக் குறைத்ததாக 1977இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. அதுவும் நஞ்சு மிக்கதே.

பகையை மாத்திரம் வெட்டும் வாளாக அமைந்தது அசைக்ளோவிர். பரோஸ் வெல்கம் என்னும் நிறுவனத்தில் ஹோவர்ட் ஷேஃபர், கெர்ட்ரூட் எலியன் என்பாரும் அவர்தம் துணைவரும் இதனை ஆக்கி ஆராய்ந்து, 1977, 1978ஆம் ஆண்டுகளில் உலகுக்கு அறிவித்தனர். 1982இல் இது மருந்தாக இசைவுபெற்றது. எலியன் அம்மையாரைப் பற்றி மாணவராகிய நாம் சிறிது அறிதல் நன்று. அவர் 1918இல் நியூயார்க் நகரிற் பிறந்தவர். பதினைந்தாம் வயதில் தம் பாட்டனார் புற்றுநோயால் வருந்தி இறந்ததைக் கண்டு, நோய் தீர்க்குங் கல்வியே கற்பதென உறுதிகொண்டார். 1937இல், பத்தொன்பதாம் வயதில், ஹன்ட்டர் கல்லூரியிற் பட்டம் பெற்றார். பெண் என்னுங் காரணத்தால் ஆய்வுக்கூடங்கள் அவர்க்குக் கதவடைத்தன. இடையிற் பள்ளியாசிரியராகவும், உணவுப்பொருட் சோதனையாளராகவும் காலங்கழித்து, 1944இல் மேற்கூறிய நிறுவனத்திற் சேர்ந்தார். படித்து எழுதி டாக்டர் பட்டம் பெறும் வாய்ப்பு அவர்க்கு அமையவேயில்லை. அத்தகையார்க்கு 1988இல் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் என்பாரோடு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. நம் வயதில் வாயில்தோறும் மறுக்கப்பட்ட ஒருவர் கண்ட மருந்து, இன்று உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகளின் வரிசையில் இடம்பெற்றுள்ளது.

இம்மருந்து தொழில்செய்யும் வகையை, ஏட்டுச்சுவடியைப் படியெடுக்குந் தொழிலோடு ஒப்பிட்டு விளக்கலாம். உயிரின் மரபுச்செய்தி நான்கே எழுத்துக்களால் ஆகிய நெடுஞ்சுவடி. வைரஸ் பெருகவேண்டுமாயின், தன் சுவடியை எழுத்துக்கு எழுத்துப் படியெடுத்தல் வேண்டும். அசைக்ளோவிர் அந்நான்கு எழுத்துக்களுள் ஒன்றன் உருவை ஒத்த போலி எழுத்து. ஆயின், அதன்பின் வேறெவ்வெழுத்தும் சேர்தற்குரிய பற்றுக்கோடு அதனிடம் இல்லை. படியெடுப்போன் ஏமாந்து இப்போலியைச் சேர்த்துவிட்டானாயின், சுவடி அங்கேயே முறிந்துபோகும்.

அற்றேல், நம் அணுவின் சுவடியும் இவ்வாறே முறியாதோ எனின், முறியாது. எவ்வெழுத்தும் சுவடியில் ஏறுமுன் மூன்று முத்திரை பெறுதல் வேண்டும். போலி எழுத்துக்கு முதல் முத்திரையை இடும் நொதி நம் அணுவில் இல்லையென்றே சொல்லலாம். வைரஸ் தனக்கெனக் கொண்டுவரும் நொதி ஒன்றே அதனை இடவல்லது. முதல் முத்திரை விழுந்தபின்னரே எஞ்சிய இரண்டையும் நம் அணு இடும். ஆகவே, வைரஸ் புகுந்த அணுவில் மாத்திரம் மருந்து ஆயுதமாகின்றது. புகாத அணுவில் வாளாவிருந்து கழிகின்றது. பகைவன் தன் கையாலேயே தன் அழிவுக்கு ஆணை எழுதுவது போன்றது இஃது.

அசைக்ளோவிருக்கு ஒரு குறையுண்டு. வாய்வழி உட்கொண்டால் 100க்கு 15 முதல் 20 பங்கே குருதியிற் சேரும். அதனால் நாளொன்றுக்குப் பலமுறை உண்ணவேண்டும். இக்குறையை நீக்க வந்தவை 1994இல் அமெரிக்காவில் இசைவுபெற்ற ஃபாம்சைக்ளோவிரும், 1995இல் இசைவுபெற்ற வாலசைக்ளோவிரும் ஆம். பின்னது குடலிற் புகுந்தபின் அசைக்ளோவிராகவே மாறுவது; பாதிக்கு மேற்பட்ட பங்கு குருதியிற் சேர்வது.

காலமும் அளவும்

இனி, இடந்தோறும் மருந்து கொடுக்கும் முறையைக் காண்பாம். ஈண்டுக் குறிக்கும் அளவுகள் வயதுவந்தார்க்குப் பொதுவாக வழங்குவன. அவரவர்க்குரிய அளவை மருத்துவரே வரையறுத்தல் வேண்டும்.

உதட்டுக் கொப்புளம் பலர்க்கு மருந்தே வேண்டாதது. விரைந்து ஆறவேண்டுமென விரும்புவோர், கொப்புளம் எழுமுன் தோன்றும் குறுகுறுப்பும் எரிச்சலும் உணர்ந்தவுடன் மருந்து கொள்ளல் வேண்டும். வாலசைக்ளோவிர் 2 கிராம் வீதம், 12 மணிநேர இடைவெளியில் ஒரேநாளில் இருமுறை உட்கொண்டால், நோய் ஏறத்தாழ ஒருநாள் குறையும். களிம்பு பூசுதலால் வரும் பயன் இதனினுஞ் சிறிது. கொப்புளம் முற்றிப் பொருக்குக் கட்டியபின் எம்மருந்துகொண்டும் பெரும்பயனில்லை; வைரஸ் தன் வேலையை முடித்து அடங்கத் தொடங்கிவிட்டது. வெயிலால் நோய் எழும் இயல்புடையார் உதட்டை வெயில் தாக்காமற் காத்தல் நன்று.

குழந்தைகட்கு முதன்முறை இந்நோய் வருங்கால், வாய் முழுதும் ஈறு வீங்கிப் புண்ணாகிக் காய்ச்சலுங் காணும். அப்போது குழந்தை நோவினால் நீர் பருக மறுக்கும். உடல்நீர் வற்றுதலே அங்குப் பேரிடர். குளிர்ந்த நீரையும் பாலையுஞ் சிறிது சிறிதாகப் புகட்டுதல் தாயின் முதற்கடன். முதல் மூன்று நாளுக்குள் மருத்துவரிடங் காட்டின் அசைக்ளோவிர் நீர்மருந்து பயன்தரும். விரல்நுனியில் இக்கொப்புளம் வந்தால் அதனை நகச்சுற்று எனக் கருதிக் கீறிவிடுதல் உண்டு; கீறுதல் தீமையே பயக்கும்.

மறைவிடத்துக் கொப்புளம் முதன்முறை தோன்றுங்கால் கடுமையாயிருக்கும். காய்ச்சலும், அரையில் நெறிகட்டுதலும், சிறுநீர் கழிக்குங்கால் எரிச்சலும் உண்டாம். அப்போது அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் நாளைக்கு மும்முறையோ, வாலசைக்ளோவிர் 1 கிராம் நாளைக்கு இருமுறையோ, ஏழு முதல் பத்து நாள் கொடுப்பர். பின்னர் மீண்டெழுவன சிறியனவாதலின், ஒருநாள் முதல் ஐந்துநாள் வரையுள்ள குறுஞ்சிகிச்சை போதும். ஆயின், முதற்குறி தோன்றிய அன்றே தொடங்கல் வேண்டும். ஆண்டிற் பலமுறை வருந்துவோர்க்கு மற்றொரு முறையுண்டு. அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் நாளைக்கு இருமுறையோ, வாலசைக்ளோவிர் 500 மில்லிகிராம் ஒருமுறையோ நாடோறும் இடையறாது உண்பதால், நோய் மீளுதல் 100க்கு 70 முதல் 80 பங்கு குறையும். உண்பதை விடுத்தால் நோய் பழைய நிலைக்கு மீளக்கூடும். இம்மருந்து காவலாளன் போன்றது. காவல் நீங்கின் கள்வன் வருவான்.

கண்ணைப் பற்றிய செய்தியை எழுதுங்கால் நம் கை சற்றுத் தயங்குகின்றது. நம் விடுதி நண்பர் ஒருவர்க்கு ஒருகண் மாத்திரஞ் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சங் கண்டு கூசிற்று. தூசி விழுந்ததென்று எண்ணி, வேறொருவர்க்கு எழுதிக்கொடுத்து எஞ்சிய சொட்டு மருந்தை வாங்கி இட்டார். நாமே அதனை அவர் கண்ணில் இட்டோம் என்பதையும் மறைத்தல் கூடாது. சிவப்புச் சற்றுக் குறைந்தது, நலமாயிற்றென்று மகிழ்ந்தோம். அம்மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அது சிவப்பைத் தணிக்கும். உடலின் எதிர்ப்பையும் உடன் தணித்து வைரஸுக்கு வழிவிடும். ஒருவாரங் கழித்துப் பார்வை மங்கியபோதுதான் கண் மருத்துவரிடஞ் சென்றோம். அவர் சாயச்சொட்டு இட்டு நீலவொளியிற் பார்த்தபோது, கருவிழியின்மேல் இலையுதிர்ந்த மரக்கிளைபோற் கிளைத்த புண் தெரிந்தது; அவ்வடிவே ஹெர்ப்பீஸின் கையொப்பம் என்று கூறினார். நண்பர் அசைக்ளோவிர் களிம்பால் நலம்பெற்றாராயினும், கருவிழியில் ஒரு சிறுவடு நிலைத்துவிட்டது. இரவில் விளக்கின் சுடர் அவர்க்குச் சிதறியே தோன்றுகின்றது. இக்கட்டுரை எழுத நம்மைத் தூண்டியது அவ்வடுவே.

கண்ணுக்கு அசைக்ளோவிர் களிம்பு, கான்சைக்ளோவிர் கூழ், டிரைஃப்ளூரிடின் சொட்டு என்பன உரியன. நோய் கருவிழியின் உட்படலத்தைத் தாக்கியபோது, வைரஸ் மருந்தின் காவலோடு, மருத்துவர் மேற்பார்வையில், ஸ்டீராய்டும் பயன்படுத்துவர். தீமை ஸ்டீராய்டின்கண் இல்லை; அறியாது தனித்து இடுதலின்கண் உள்ளது. ஒருமுறை கண்ணில் இந்நோய் வந்தவர்க்கு மீண்டும் வருதல் உண்டு. அமெரிக்காவில் நடந்து 1998இல் வெளிவந்த ஆய்வில், ஓராண்டுக்காலம் நாடோறும் இருமுறை அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் உண்டாருள் 100க்கு 19 பேர்க்கும், வெறும்பொருள் உண்டாருள் 100க்கு 32 பேர்க்கும் அந்நோய் மீண்டது.

மூளையை இவ்வைரஸ் தாக்குதல் அரிது. தாக்கின் மிகக் கொடிது. காய்ச்சலும் தலைவலியும் வந்தவர் திடீரெனப் பேச்சுக் குழறி, உற்றாரை அறியாது, இயல்புக்கு மாறாக நடந்து, வலிப்புறுவாராயின், இந்நோயை ஐயுறல் வேண்டும். இதனைப் பேய்க்கோளாறு என்றோ பித்து என்றோ எண்ணி நாள்கடத்துவது உயிரையே விலைகொடுப்பதாகும். மருந்தில்லாத காலத்தில் இதனாற் பற்றப்பட்டார் 100க்கு ஏறத்தாழ 70 பேர் இறந்தனர். 1984இல் ஸ்வீடன் நாட்டிலும், 1986இல் அமெரிக்காவிலும் வெளிவந்த ஆய்வுகளில், அசைக்ளோவிர் பெற்றாருள் இறந்தார் முறையே 100க்கு 19 பேரும் 28 பேருமே. உடல் எடை ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம், எட்டு மணிக்கு ஒருமுறை, 14 முதல் 21 நாள் குருதிக்குழாய் வழியே செலுத்துவர். தண்டுவட நீரைச் சோதித்து முடிவு வருமுன்னரே, ஐயத்தின்மேலேயே, மருந்தைத் தொடங்கிவிடுதல் மருத்துவர் கொண்ட முறை. நோயன்றெனப் பின்னர்த் தெளிந்தால் நிறுத்திவிடலாம். உயிர் பிழைத்தாருள்ளும் நினைவுமழுங்கி வாழ்வார் பலர் ஆதலின், ஒவ்வொரு மணிநேரமும் இங்கே விலைமதிப்புடையது.

நோயாளியின் நிலை

நோய் ஒன்றாயினும் தாங்குவோர் நிலைக்கேற்ப அதன் வலி வேறுபடும். பச்சிளங்குழந்தைக்கு மகப்பேற்றின்போது தாயிடமிருந்து இது பற்றக்கூடும். தாய் பண்டே இந்நோய் உடையவராயின் இடர் சிறிது. அவருடைய உடலில் ஊறிய எதிர்ப்புக் குழந்தையையுங் காக்கும். பேறுகாலத்தை அடுத்து முதன்முறையாகப் பற்றியிருப்பின், 100க்கு 30 முதல் 50 குழந்தைகட்கு அது பரவக்கூடும். நோயுடைய தாய்மார்க்கு 36ஆம் வாரந்தொட்டு அசைக்ளோவிர் கொடுத்தலும், பேற்றின்போது கொப்புளம் இருப்பின் அறுவை செய்து குழந்தையை எடுத்தலும் வழக்கம். உடலெங்கும் நோய் பரவிய குழந்தைகளுள், மருந்தின்றேல் 100க்கு 85 இறக்கும். மிகுந்த அளவில் அசைக்ளோவிர் கொடுத்தபின் அத்தொகை ஏறத்தாழ 30ஆகக் குறைந்தது. உதட்டிற் கொப்புளம் உடையவர் எவராயினும் பிறந்த குழந்தையை முத்தமிடலாகாது. பாட்டியர்க்கும் அத்தையர்க்கும் இதனைச் சொல்லுதல் மரியாதைக் குறைவன்று.

உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்குப் புண் பெரிதாய் நெடுநாள் ஆறாதிருக்கும். அவருட் சிலரிடம், முதல் முத்திரையிடும் நொதியையே விட்டொழித்த வைரஸ் தோன்றி, அசைக்ளோவிருக்கு அடங்காது நிற்கும். அம்முத்திரையை வேண்டாத ஃபாஸ்கார்னெட் என்னும் மருந்தை அப்போது குருதியிற் செலுத்துவர். அது சிறுநீரகத்தை வருத்துவதாதலின், மருத்துவமனைக் காவலில் வைத்தே தருவர். அசைக்ளோவிரும் சிறுநீரகத்தின் வழியே கழிவதாதலின், அவ்வுறுப்பு நலிந்தவர்க்கு அளவைக் குறைத்தலும், உண்போர் நீர் மிகுதியாகப் பருகுதலும் வேண்டும்.

இல்லறத்தாருள் ஒருவர்க்கு மறைவிடத்து நோய் இருந்து மற்றவர்க்கு இல்லையாயின், காவல் உண்டா எனின், உண்டு. 2004இல் வெளிவந்த ஆய்வொன்று 1,484 இணையரைக் கொண்டு நடந்தது. நோயுடையவர் நாடோறும் வாலசைக்ளோவிர் 500 மில்லிகிராம் உண்டதால், மற்றவரைத் தொற்றுதல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆணுறையும், கொப்புளம் உள்ள நாளில் விலகியிருத்தலும் அக்காவலை வலுப்படுத்தும். கொப்புளம் இல்லாத நாளிலும் வைரஸ் தோலில் வெளிப்படக்கூடுமாதலின், ஒருவர் பிழையாதொழுகியும் நோய் பரவுதல் கூடும். பல்லாண்டு உறங்கி எழும் இயல்பும் இதற்கு உண்டு. ஆகையால், கொப்புளங் கண்டவுடன் துணைவரின் ஒழுக்கத்தை ஐயுறுவது அறியாமையாற் செய்யும் அநீதி. நோயைத் தடுக்கும் ஊசிமருந்து ஒன்றும் இன்றுவரை இசைவு பெற்றிலது.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால், இந்நோயின் மருந்து ஒன்றே ஓரிடத்தில் ஒருநாள் நோவைக் குறைக்கும் சிறுதுணையாகவும், மற்றோரிடத்தில் கண்ணையும் உயிரையுங் காக்கும் பெருந்துணையாகவும் நிற்றல் புலனாகும். வேறுபாடு நோயின் இடத்தாலும், நோயாளியின் நிலையாலும், எல்லாவற்றினும் மேலாகக் காலத்தாலும் அமைவது. உதட்டுக் கொப்புளத்திற்குக் காவி எழுதிய நம் ஊர்க் குயவரை நாம் எள்ளுகின்றிலேம். அஞ்சி அழுத பிள்ளையை அவர் அன்போடு தொட்டு ஆற்றினார். நோய் தானே ஆறிற்று. ஆயின், அக்கொப்புளத்திற்குப் போதுமான பொறுமை கண்ணுக்கும் மூளைக்கும் பச்சிளங்குழந்தைக்கும் போதாது. மறைவிடத்து நோய்க்கு நாணிப் பொறுத்தலும் பொறுமையாகாது.

நோயைச் சொல்லுதற்கு நாணுவோர், அந்நாணத்தாற் காலத்தை இழக்கின்றனர். காலத்தை இழந்தார்க்கு மருந்து பாதியே பயன்படும். கேட்போர் நகைப்பர் என்னும் அச்சமே சொல்வோர் நாணத்திற்கு வேர். ஆதலின், இந்நோய்க்குரிய சிகிச்சையில் மருத்துவரல்லாத நமக்கும் ஒரு பங்குண்டு. ஒரு நண்பர் தயங்கித் தயங்கி வந்து தம் நோயைச் சொல்லுங்கால் நகையாது கேட்டலும், எஞ்சிய சொட்டு மருந்தை எடுத்து நீட்டாது மருத்துவரிடம் அன்றே உடன்செல்லுதலும் அப்பங்காம். அதனைச் செய்யாது தவறிய நாம், பிறர் தவறாதிருத்தற்பொருட்டு இதனை எழுதி முடிக்கின்றோம்.